பேட் 21 மீட்பு: கடற்படை லெப்டினன்ட் நாரிஸுக்குப் பதக்கம் எதற்காக?

நீரோட்டம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 1972 ஏப்ரலில் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானப்படை அலுவலர் ஒருவரை மீட்ட நிகழ்வைத் தழுவி 1988-இல் வெளிவந்த ஹாலிவுட் படத்தைச் சிறுவயதில் வீடியோ கேசட்டில் பார்த்திருக்கிறேன். சிறு விமானத்தில் வட்டமிட்டபடி அந்த அலுவலரோடு ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கும் விமானிதான் அப்படத்தில் மீட்பின் நாயகர். அண்மையில் அமெரிக்காவின் மிக உயரிய வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அதே மீட்புக்காக அப்பதக்கத்தைப் பெற்றவர் தாமஸ் நாரிஸ் என்னும் கடற்படை லெப்டினன்ட் என்று அறிந்து திகைத்தேன். படத்தில் அவருடைய நிழல்கூட விழவில்லை.

இதைப் படித்ததிலிருந்து சில கேள்விகள் என்னைக் குடைந்துகொண்டிருக்கின்றன. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிய ஓர் ஆற்றோரத்தில் விமானப்படை அலுவலர் ஒருவர் சிக்கியிருக்கும்போது, அவரை மீட்கக் கடற்படை அலுவலர் ஏன் போனார்? நூற்றுக்கணக்கில் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வைத்திருந்த ஒரு படையால் முடியாததை இரண்டு பேர் படகில் போய்ச் செய்தது எப்படி? நிகழ்வு நடந்தது 1972-இல். பதக்கம் வழங்கப்பட்டதோ 1976-இல். இந்த நான்கு ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் என்ன? அந்தப் படகில் நாரிஸோடு சென்ற வியட்நாமியருக்கு ஏன் வேறொரு பதக்கம் வழங்கப்பட்டது? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஏடும் எழுத்தும்:

நல்ல கேள்வி. நாள் வரிசையில் சொன்னால்தான் விளங்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1972 மார்ச் 30-ஆம் நாள் வட வியட்நாம் படைகள் எல்லைக்கோட்டைக் கடந்து தெற்கே குவாங் ட்ரி மாகாணத்துக்குள் பெருந்தாக்குதலைத் தொடங்கின. அமெரிக்கத் தரைப்படையின் பெரும்பகுதி அதற்குள் நாடு திரும்பிவிட்டிருந்தது. தரையில் நின்று போரிட்டவர்கள் பெரும்பாலும் தென் வியட்நாமியரே; அமெரிக்காவின் பங்கு முக்கியமாக வானிலிருந்துதான். ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறு. பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக, எதிரியின் ரேடாரைக் குழப்பும் பணியில் பறந்துகொண்டிருந்த இ.பி.-66 விமானம் ஒன்றை ஏவுகணை தாக்கியது. அதன் அழைப்புப் பெயர் பேட் 21. உள்ளே இருந்த ஆறு பேரில் ஒருவர் மட்டுமே வெளியேறி வான்குடையில் இறங்கினார். அவர்தான் 53 வயதான லெப்டினன்ட் கர்னல் ஐசீல் ஹாம்பிள்டன், விமானத்தின் வழிச்செலுத்துநர். அவர் இறங்கிய இடம் காம் லோ என்னும் ஊரின் அருகே, முன்னேறிக்கொண்டிருந்த ஏறத்தாழ 30,000 வட வியட்நாம் வீரர்களின் நட்டநடுவில். முன்பு ஏவுகணைப் பிரிவிலும் பணியாற்றியவர் என்பதால் அவருடைய தலைக்குள் இருந்த செய்திகள் சோவியத் ஒன்றியத்துக்கு மிகவும் பயன்படக்கூடியவை. அவரை எப்படியும் மீட்க வேண்டும் என்னும் பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர்.

அன்று மாலையே மீட்பு தொடங்கியது, இழப்பும் உடன் தொடங்கியது. முதல் நாளே தரைப்படை ஹெலிகாப்டர் ஒன்று வீழ்த்தப்பட்டு மூவர் இறந்தனர், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். மறுநாள் வேவு விமானம் ஒன்று வீழ்ந்தது. அதிலிருந்த இருவரில் ஒருவர் பிடிபட்டார். மற்றவரான மார்க் கிளார்க், ஹாம்பிள்டனைப் போலவே ஆற்றின் அருகே ஒளிந்துகொண்டார். ஏப்ரல் 6-இல் பெரிய மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று ஆறு பேரோடு எரிந்து விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. ஏப்ரல் 7-இல் இன்னொரு வேவு விமானமும் போயிற்று. அதில் இருந்த இருவரில் புரூஸ் வாக்கர் ஏப்ரல் 18 வரை ஒளிந்து திரிந்து முடிவில் கொல்லப்பட்டார். லாரி பாட்ஸ் திரும்பவே இல்லை. ஆக ஒருவரை மீட்கப் போய்ப் பதினோரு உயிர்கள். இனி ஹெலிகாப்டர் அனுப்புவதில்லை என்று மேலிடம் முடிவெடுத்த பிறகே தரைவழி மீட்பு என்னும் யோசனைக்கு இடம் கிடைத்தது.

இங்கேதான் கடற்படை வருகிறது. நாரிஸ் சீல் பிரிவைச் சேர்ந்தவர். கடல், வான், நிலம் மூன்றிலும் இயங்கப் பயிற்சி பெற்ற அப்பிரிவு கடற்படையின் ஓர் அங்கம். அவர் அப்போது தென் வியட்நாம் கடற்படையின் தவளை மனிதர்களுக்கு, அதாவது நீரடிக் கமாண்டோக்களுக்கு, ஆலோசகராக இருந்தார். மீட்பதற்கு ஆளும் வழியும் தேடிக்கொண்டிருந்த மரைன் லெப்டினன்ட் கர்னல் ஆண்ட்ரூ ஆண்டர்சனுக்கு ஆறே வழியாகத் தெரிந்தபோது, ஆற்றில் இரவில் இயங்கத் தெரிந்தவர்களே ஆட்களாகவும் தெரிந்தது இயல்புதானே.

ஒளிந்திருந்த இருவரையும் ஆற்றங்கரைக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய ரேடியோப் பேச்சை எதிரியும் கேட்டுக்கொண்டிருந்ததால் திசையையும் தூரத்தையும் வெளிப்படையாகச் சொல்ல இயலாது. ஹாம்பிள்டன் கோல்ஃப் ஆட்டத்தில் பித்துக் கொண்டவர். அவர் ஆடிப் பழகிய திடல்களின் குழிகளைச் சொல்லி, ஒவ்வொரு குழியும் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு செல்கிறதோ அந்தத் திசையில் அவ்வளவு தொலைவு நடக்கச் செய்தனர். எதிரி நெருங்காதிருக்க அவரைச் சுற்றி வானிலிருந்து தூவப்பட்ட சிறு கண்ணிவெடிகளுக்கு இடையில் அவர் நடக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வழிகாட்டலின் அருமை புரியும். கிளார்க் ஐடஹோ மாநிலத்தவர். அங்கே ஓடும் ஸ்னேக் ஆற்றின் பெயரைச் சொல்லி, ஆற்றுக்குப் போ, நீரோடு மிதந்து வா என்று அவருக்கு உணர்த்தினர்.

ஏப்ரல் 10 இரவு நாரிஸ், ஐந்து பேர் கொண்ட குழுவோடு தென் கரையில் இருந்த முன்னணிக் காவல் நிலையை விட்டுக் கிளம்பினார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது என்பது கட்டளை. அவர் சென்றதோ ஏறத்தாழ 2,000 மீட்டர். கிளார்க் நீரில் மிதந்து வந்தபோது, வட வியட்நாம் ரோந்துக் குழு ஒன்று குறுக்கே வந்துவிட்டதால், கைக்கெட்டிய ஆளை நாரிஸ் கூப்பிட முடியாமல் கடந்துபோக விட வேண்டியதாயிற்று. பிறகு ஆற்றோடு இறங்கித் தேடி, விடியும் வேளையில் அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்த்தனர். எனக்குத் தெரிந்தவரை மொத்த மீட்பிலும் திட்டமிட்டபடி ஓரளவேனும் நடந்தது இந்த ஒரு பகுதிதான்.

அடுத்த நாள் காவல் நிலையின் மீது பீரங்கிக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் பொழிந்தன. ஆண்டர்சன் உட்படப் பலர் காயமுற்றனர். இருந்தும் அன்று ஹாம்பிள்டனைத் தேடி மூவர் இருமுறை சென்றனர், இருமுறையும் பயனில்லை. அதற்குள் ஹாம்பிள்டன் உணவின்றித் தளர்ந்துபோய், ரேடியோவில் தெளிவாகப் பேசும் நிலையைக்கூட இழந்துகொண்டிருந்தார். ஏப்ரல் 12 இரவு நாரிஸும், தென் வியட்நாம் கடற்படையின் சிற்றலுவலர் நுயென் வான் கியெட்டும் மீனவர் வேடம் பூண்டு, கைவிடப்பட்ட ஊரொன்றில் கிடைத்த சாம்பான் என்னும் சிறு மரப்படகில் ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுச் சென்றனர். விடியற்காலையில் புதருக்குள் கிடந்த ஹாம்பிள்டனைக் கண்டனர். படகின் அடியில் அவரைக் கிடத்தி, மூங்கிலும் தழையும் போட்டு மூடி, பகல் வெளிச்சத்திலேயே திரும்பினர். காவல் நிலையை நெருங்கும்போது கனரக இயந்திரத் துப்பாக்கி ஒன்று அவர்களைக் குறிவைத்துச் சுட்டது. நாரிஸ் விமானத் தாக்குதலைக் கோரி வரவழைத்து, அதன் மறைவிலும் புகைத்திரையிலும் படகைக் கரை சேர்த்தார். ஹாம்பிள்டன் பதினோரு நாளுக்கு மேல் அந்தக் காட்டில் கிடந்திருந்தார்.

பதக்கத்தின் சான்றுரை ஏப்ரல் 10 முதல் 13 வரையிலான நாட்களைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே அந்தப் பதக்கம் கிளார்க், ஹாம்பிள்டன் இருவரையும் மீட்டதற்கு உரியது. படங்களும் கட்டுரைகளும் ஹாம்பிள்டனை மட்டுமே சொல்லிச் சொல்லிக் கிளார்க்கை நாம் மறந்துவிட்டோம்.

---

தோணித்துறை:

மேலே எழுதியவர் ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். படகில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. போரைப் பற்றி நான் படித்தது குறைவு. பிச்சாவரத்து உப்பங்கழியில் இரவு முழுவதும் வள்ளம் தள்ளியது அதிகம்.

மூடுபனி இறங்கிய இரவில் நீர்மேல் போகிறவனுக்குக் கரை எங்கே என்று தெரியாது, எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் தெரியாது. நாரிஸுக்கும் கியெட்டுக்கும் அதுதான் நேர்ந்தது. ஹாம்பிள்டன் இருக்க வேண்டிய இடத்தைக் கடந்து வெகுதூரம் போய்விட்டனர். பனி விலகியபோது தலைக்கு மேலே தெரிந்தது காம் லோ பாலம். அதன்மேல் எதிரியின் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கீழ்ப்புறமிருந்த டோங் ஹா பாலத்தை ஏப்ரல் 2 அன்றே ஜான் ரிப்ளி என்னும் மரைன் கேப்டன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டதால், வட வியட்நாம் படையின் போக்குவரத்து காம் லோவின் பக்கம் திரும்பியிருந்தது. எந்தப் பாலத்தின் அடியில் போய் நின்றிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவசரமாகத் திருப்ப முடியாது. துடுப்பை வேகமாகப் போட்டால் நீர் சளசளக்கும். நீரின்மேல் ஓசை எவ்வளவு தூரம் போகும் என்பதை இரவில் மீன்பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துடுப்பின் விளிம்பைச் சாய்த்து நுழைத்து, நீரைக் கிழிக்காமல் உள்ளுக்குள்ளேயே இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள் மரத்துப்போகும்.

இன்னொன்றும் உண்டு. போகும்போது நீரோட்டத்தை எதிர்க்க வேண்டும், ஆனால் இருட்டு துணை. வரும்போது நீரோட்டம் துணை, ஆனால் விடிந்துவிட்டது. படகின் அடியில் ஒரு மனிதர் கிடப்பதால் படகும் தாழ்ந்து போகும். அப்படித் தாழ்ந்து போகும் சாம்பானைக் கரையில் நிற்கும் எந்த மீனவனும் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்படுவான். சிப்பாய்க்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மீனவர் வேடம் பலித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

கேள்வி கேட்டவர், ஹெலிகாப்டரால் முடியாதது படகால் எப்படி முடிந்தது என்று வியக்கிறார். அந்த ஆற்றில் படகு இருப்பது இயல்பு. ஹெலிகாப்டர் எங்கே வந்தாலும் விருந்தாளிதான். அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்குப் பிறகு ஊர்க்காரர் கைவிட்டுப்போன ஒரு வள்ளம்தான் உதவியது.

---

எதிர்க்கணக்கு:

இருவர் எழுதியதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த மீட்பைப் பேசும்போது எல்லோரும் விட்டுவிடும் ஒரு பக்கத்தை இங்கே பதிய விரும்புகிறேன்.

ஹாம்பிள்டன் கீழே இறங்கியதும் அமெரிக்க விமானப்படை அவரைச் சுற்றி 27 கிலோமீட்டர் ஆரத்துக்குத் துப்பாக்கிச்சூடு தடைசெய்யப்பட்ட வட்டம் ஒன்றை வரைந்தது. அந்த வட்டத்துக்குள் பீரங்கியோ, கப்பல் பீரங்கியோ, வானிலிருந்து குண்டோ, மீட்பை நடத்துபவர்களின் அனுமதி இல்லாமல் பாயக் கூடாது. மீட்பு விமானங்களைச் சொந்தக் குண்டு தாக்கிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். வழக்கமான மீட்பில் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் 27 கிலோமீட்டர் என்பது, தென் வியட்நாமின் மூன்றாம் டிவிஷன் உயிரைப் பிடித்துக்கொண்டு போரிட்டுக்கொண்டிருந்த களத்தின் பெரும்பகுதி. அதே ஏப்ரல் 2 அன்றுதான் கேம்ப் கரோல் என்னும் பெரிய பீரங்கித் தளம் சரணடைந்தது. நாட்டின் வட வாயிலில் எதிரி உள்ளே நுழைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அவன்மேல் குண்டு வீசுவதற்கு ஒரே ஒரு மனிதருக்காக அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை வந்தது.

இதை அந்தக் காலத்திலேயே கண்டித்தவர்கள் அந்த டிவிஷனோடு இருந்த அமெரிக்க ஆலோசகர்களே. பின்னாளில் வந்த விமர்சகர்கள் அல்லர். ஒருவரைக் காக்க ஒரு டிவிஷனையே பணயம் வைத்ததாக அவர்கள் குமுறினர். குவாங் ட்ரி நகரம் மே 1 அன்று வீழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்கு இந்தத் தடையே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனால் பதினோரு உயிர் என்று மேலே நண்பர் போட்ட கணக்கில் வியட்நாமியர் ஒருவரும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கிகள் வாய்மூடிக் கிடந்த நேரத்தில் எத்தனை தென் வியட்நாம் வீரர்கள் மடிந்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை.

இதில் நாரிஸின் மேல் ஒரு குறையும் இல்லை. வட்டத்தை வரைந்தவர் அவர் அல்லர். ஒன்றைக் கவனியுங்கள்: வட்டம், நூற்றுக்கணக்கான விமானப் பறத்தல்கள், கண்ணிவெடி மழை எல்லாம் எந்த முறையில் பயன்பட்டனவோ அந்த முறை தோற்றது. நாரிஸ் சென்ற முறைக்கு அந்த வட்டம் தேவையே இல்லை. அவரை முதல் நாளே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. போர் வரலாற்றில் இப்படிக் கேட்பது வீண்வேலை என்று தெரிந்தும்.

---

ஏடும் எழுத்தும்:

நண்பர் எதிர்க்கணக்கு சொல்வது சரி. பதினோரு பேர் என்று நான் எழுதியது மீட்பில் நேரடியாக இறந்த அமெரிக்கர்களின் எண்ணிக்கை. அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும், திருத்திக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே அனுப்பியிருந்தால் என்ற கேள்விக்கு ஒரு மறுப்பு உண்டு. ஏப்ரல் 2-இல் ஹாம்பிள்டன் ஆற்றை விட்டுத் தள்ளியிருந்தார். அவரை ஆற்றங்கரைக்கு நகர்த்தியது பிறகு நடந்த வேலை. வட்டமிட்டுக்கொண்டிருந்த வேவு விமானிகள் இல்லாமல் அவர் அங்கே வந்து சேர்ந்திருக்கவே மாட்டார். படம் அந்த விமானிகளைக் கொண்டாடியதில் தவறில்லை. மற்றவர்களை விட்டதில்தான் தவறு.

---

நீரோட்டம்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. துடுப்பைச் சாய்த்து இழுப்பதைப் பற்றித் தோணித்துறை ஐயா எழுதியதைப் படித்த பிறகு இந்த நிகழ்வை வேறு விதமாகவே பார்க்கிறேன். ஆனால் என் கடைசி இரண்டு கேள்விகளை எவரும் தொடவில்லை. ஏன் நான்கு ஆண்டுகள்? கியெட்டுக்கு ஏன் வேறு பதக்கம்? ஒரே படகு, ஒரே இரவு, ஒரே துப்பாக்கிச்சூடு. ஒருவர் அமெரிக்கர், மற்றவர் அல்லர் என்பதுதான் விடை என்றால், அதையே நேராகச் சொல்லிவிடுங்கள்.

---

சாளரம்:

நேராகவே சொல்கிறேன். ஆம், அதுதான் விடை. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது சட்டம்.

மெடல் ஆஃப் ஆனர் அமெரிக்கப் படைகளில் பணியாற்றுபவர்களுக்கு மட்டுமே உரியது. வேறு நாட்டுப் படையைச் சேர்ந்தவர் எவ்வளவு பெரிய செயல் செய்தாலும் அது அவருக்கு வழங்கப்படுவதில்லை. அதற்கு அடுத்த படியில் இருக்கும் நேவி கிராஸ், அமெரிக்கக் கடற்படையோடு இணைந்து போரிட்ட பிற நாட்டவருக்கும் வழங்கப்படலாம். ஆகவே கியெட்டுக்குக் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்ததையே கொடுத்தனர். வியட்நாம் போரில் அப்பதக்கத்தைப் பெற்ற தென் வியட்நாம் கடற்படையினர் அவர் ஒருவரே.

ஆயினும் உங்கள் கேள்வியின் உறுத்தல் இதனால் தீர்ந்துவிடாது. அவர் எப்படிப் போனார் என்பதைப் பார்த்தால் அது கூடவே செய்யும். ஏப்ரல் 11-இல் நடந்த தேடலின்போது குழுவில் இருந்த கமாண்டோக்களில் சிலர் மேலே தொடர மறுத்தனர். ஓர் அமெரிக்கரைக் காப்பாற்ற இன்னோர் அமெரிக்கரின் பின்னால் போய் நாங்கள் ஏன் சாக வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். அதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். அவர்களுடைய நாடு அந்த வாரத்தில்தான் அவர்கள் கண்முன்னே இடிந்துகொண்டிருந்தது. எதிர்க்கணக்கு எழுதிய 27 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் அவர்களுடைய தோழர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையில் கடைசி இரவில் நாரிஸோடு வரத் தாமாக முன்வந்தவர் கியெட் ஒருவர்தான். நாரிஸுக்காவது ஹாம்பிள்டன் தம் நாட்டவர். கியெட்டுக்கு அவர் யார்? இந்த ஒரு காரணத்தால், அந்தப் படகில் இருந்த இருவரில் கியெட்டின் செயலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாரிஸும் பின்னாளில் இந்த மீட்பைப் பற்றிப் பேசிய இடங்களில் கியெட்டை விட்டுவிட்டுப் பேசியதில்லை. 1975-இல் தென் வியட்நாம் வீழ்ந்த பிறகு கியெட் அமெரிக்காவுக்குச் சென்று வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறினார்.

தாமதத்துக்கு வருவோம். ஒன்று, இது மறைவாக நடத்தப்பட்ட பணி. விவரங்கள் நெடுநாள் வெளியே வரவில்லை. இரண்டு, நாரிஸே விருதில் நாட்டம் காட்டவில்லை. செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தேன் என்று ஒதுங்கிக்கொண்டார். பரிந்துரைக்கு வேண்டிய செய்திகளை மற்றவர்களிடமிருந்து திரட்ட வேண்டியதாயிற்று. மூன்றாவது காரணம், அந்த ஆண்டு முடிவதற்குள் அவருக்கு நேர்ந்தது.

1972 அக்டோபர் 31. வியட்நாமில் எஞ்சியிருந்த சீல் பிரிவினர் அப்போது பன்னிரண்டு பேர் அளவில்தான். நாரிஸும், மைக்கேல் தார்ன்டன் என்னும் சிற்றலுவலரும், மூன்று வியட்நாமியக் கமாண்டோக்களும் குவா வியெட் கடற்கரைப் பகுதியில் உளவறியச் சென்று எதிரியிடம் சிக்கினர். பின்வாங்கும்போது நாரிஸின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் இறந்துவிட்டதாகவே உடன் சென்றவர் வந்து சொன்னார். தார்ன்டன் திரும்பி ஓடி, துப்பாக்கிச்சூட்டுக்கு நடுவே நாரிஸைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவரை இழுத்துக்கொண்டே நீந்தினார். அதன் பிறகே துணைப்படகு அவர்களைக் கண்டெடுத்தது. நாரிஸ் ஒரு கண்ணை இழந்தார். ஆண்டுக்கணக்கில் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. மருத்துவமனையில் கிடந்தவரைத் தேடி விருதுக்கான காகிதங்கள் மெதுவாகத்தான் வந்தன.

கடைசியில் 1976 மார்ச்சில் அதிபர் ஃபோர்டு வெள்ளை மாளிகையில் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். தார்ன்டனுக்கோ நாரிஸைக் காப்பாற்றியதற்காக 1973 அக்டோபரிலேயே மெடல் ஆஃப் ஆனர் கிடைத்துவிட்டது. மீட்டவரை மீட்டவர் முதலில் பதக்கம் பெற்ற விந்தை இது. அதே பதக்கத்துக்கு உரியவர் ஒருவரை இன்னொருவர் காப்பாற்றியது நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்காத ஒன்று என்று சொல்வார்கள்.

---

தோணித்துறை:

தலையில் குண்டடிபட்ட ஒருவரை இழுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கடலில் நீந்துவதா? அலை உள்ளே இழுக்கும் கரையில் அரை மணி நேரம் நீந்திப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். நாரிஸ் பிறகு என்ன ஆனார் என்று சொல்லுங்கள், ஐயா.

---

சாளரம்:

ஒரு கண்ணோடு எஃப்.பி.ஐ.-யில் சேர விண்ணப்பித்தார். மற்ற விண்ணப்பதாரர்களுக்குரிய தேர்வுகளில் நீங்களும் தேறினால் உடற்குறையைப் பொருட்படுத்தமாட்டேன் என்று அதன் இயக்குநர் வில்லியம் வெப்ஸ்டர் இசைந்தார். நாரிஸ் தேறினார், இருபது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். பிணையாளிகளை மீட்பதற்கென்று அந்த அமைப்பு ஒரு தனிக் குழுவை உருவாக்கியபோது, அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். வேலை மாறினாலும் தொழில் மாறவில்லை.

இன்னொரு சிறு செய்தி. 1973-இல் தார்ன்டனுக்குப் பதக்கம் வழங்கும் விழா நடந்தபோது நாரிஸ் இன்னமும் மருத்துவமனையில்தான் இருந்தார். வெளியே செல்ல மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. தார்ன்டன் மருத்துவமனைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக அவரை அழைத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டார்.